தனபால் அண்ணனை ரிஜெக்ட் செய்த கதை

1. பெஞ்சில் வந்த மெயில்

மெயில் வந்தபோது என் இடது கையில் சின்னக் குழாய் போன்ற ஒரு பித்தளை புஷ், வலது கையில் மைக்ரோமீட்டர். இன்ஸ்பெக்‌ஷன் பெஞ்சில் போனைத் தொடக் கூடாது என்பது எங்கள் கம்பெனி விதி. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். அன்று தொட்டேன். எம்.எஸ்சி. சீட் வந்திருந்தது. தரக் கட்டுப்பாடும் புள்ளியியலும். வேலையில் இருப்பவர்களுக்கான வார இறுதிப் படிப்பு. நுழைவுத் தேர்வில் முதல் தடவை கோட்டைவிட்டு, இரண்டாம் தடவை எழுதிக் கிடைத்த சீட்.

வாழ்த்து முதல் பத்தியில் இருந்தது. வினை இரண்டாம் பத்தியில். என் இளங்கலைப் பட்டத்தில் கணிதமும் இல்லை, புள்ளியியலும் இல்லை. ஆகவே வகுப்பு தொடங்குமுன் இந்த இரண்டு ப்ரீ-ரெக்விசிட் பாடங்களையும் ஏதாவது ஒரு கல்லூரியில் முடித்து மார்க் ஷீட் அனுப்ப வேண்டும். கடைசித் தேதிக்குள் அனுப்பாவிட்டால் சீட் அடுத்தவருக்கு. நான் மறுபடி நுழைவுத் தேர்வு.

என் பட்டம் பி.ஏ. அரசியல் அறிவியல், அஞ்சல் வழி. ஐ.டி.ஐ. முடித்து வேலைக்கு வந்தவள், பெயருக்குப் பின்னால் ஒரு டிகிரி இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அதில்தான் பீஸ் குறைவு. மேலவை எப்படி, கீழவை எப்படி என்று நாலு பக்கம் எழுதுவேன். புஷ்ஷின் விட்டத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

நான் யசோதரா. தங்கவயல், ஆண்டர்சன்பேட்டை. சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் பௌத்தக் குடும்பங்கள் அதிகம், சித்தார்த்தன் நான்கு பேர், கௌதமன் மூன்று பேர், யசோதரா என்னையும் சேர்த்து இரண்டு பேர். பெயரைக் கேட்டதுமே எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். பெங்களூரில் வைட்ஃபீல்ட் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி கண்ட்ரோல் வேலை. தினமும் ரயிலில் போய்த் திரும்புகிறேன். வேலையில் உட்கார்ந்த பிறகு இனிமேல் என்னத்தைப் படிப்பது என்று நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். சொல்லப்போனால் எனக்காகவும்தான். நினைத்தாலே இன்னும் உற்சாகம் அடங்கவில்லை.

எதற்கு இந்த வயதில் எம்.எஸ்சி. என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில் வைத்திருக்கிறேன். ஒன்று, குவாலிட்டி எஞ்சினியர் பதவி. அது வேண்டும், மறைப்பானேன். இன்னொன்று, கண்ட்ரோல் சார்ட். மணிக்கு ஒரு தடவை மிஷினிலிருந்து ஐந்து புஷ் எடுத்து, அளந்து, சராசரி போட்டு, சார்ட்டில் ஒரு புள்ளி வைப்பேன். மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு. புள்ளி கோட்டைத் தாண்டினால் மிஷினை நிறுத்த வேண்டும். அந்தக் கோடு ஏன் அங்கே இருக்கிறது, ஒரு விரல்கடை மேலே ஏன் இல்லை? பதினைந்து வருஷமாக இந்தக் கேள்வி எனக்குள் கிடந்தது. பதில் தெரியாமலே எத்தனையோ தடவை மிஷினை நிறுத்தியிருக்கிறேன்.

2. சனிக்கிழமைக்கு நடந்த பஞ்சாயத்து

ப்ரீ-ரெக்விசிட் பாடங்கள் நடத்தும் ஒரு மாலைக் கல்லூரி அல்சூரில் கிடைத்தது. வகுப்பு சனிக்கிழமை பிற்பகல். எங்கள் கம்பெனியில் சனிக்கிழமைதான் டிஸ்பேட்ச். லாரி வாசலில் நிற்கும், நான் கையெழுத்துப் போடாமல் பெட்டி நகராது.

மேனேஜர் மஞ்சுநாத் சார் நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் லீவு கேட்பதுதான் கஷ்டம். அவர் தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார்.

"படிங்க யசோதரா, நானா வேண்டாங்கிறேன்? ஆனா சனிக்கிழமை மத்தியானம் நீங்க போயிட்டா லாரிகாரனுக்கு யார் பதில் சொல்றது? ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சுக்குங்க, ஞாயித்துக்கிழமை கிளாஸ் இருக்கான்னு கேளுங்க."

"கேட்டுட்டேன் சார். இல்ல."

"அப்ப எப்படி?"

அதற்கு நான் தயாராகத்தான் போயிருந்தேன். சனிக்கிழமை வரை ஏன் காத்திருக்க வேண்டும்? வெள்ளிக்கிழமைக்குள் ஒவ்வொரு லாட்டாக, அதாவது சரக்குத் தொகுதியாக, ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் முடித்து சீல் வைத்துவிடுகிறேன், சனிக்கிழமை காலை பேப்பரை மட்டும் பார்த்தால் போதும் என்றேன். சார் பேனாவை இரண்டு தடவை திருகினார்.

"ஒரு லாட், ஒரே ஒரு லாட் கஸ்டமர் கிட்டேர்ந்து ரிட்டர்ன் வந்தாலும் கிளாஸ் கட். சரியா?"

"சரி சார்."

வெளியே வந்து தண்ணீர்க் குழாய் பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு ஒரு சின்னக் குதி குதித்தேன். அதன் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டை நின்றுகொண்டேதான் சாப்பிட்டேன். ஒரு லாட்டும் திரும்பி வரவில்லை.

3. கடைசிக்கு முந்தின பெட்டி

சரி, சனிக்கிழமை வகுப்பு. படிப்பது எப்போது? வீட்டுக்கு வந்தால் சமையல், துணி. கணவர் ராபர்ட்சன்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறார், அவர் வருவதும் நேரம் கழித்துத்தான். மிச்சம் இருந்தது ரயில்.

மாரிகுப்பத்தில் காலை வண்டி புறப்படும்போது கடைசிக்கு முந்தின பெட்டி எங்கள் பெட்டி. அப்படி எழுதி ஒட்டவில்லை, ஆனால் வெளியாள் யாரும் எங்கள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். நாங்கள் பன்னிரண்டு பேர். யாராவது ஒருவர் முன்னால் ஓடிப்போய்க் கைக்குட்டை, டிபன் பை, செருப்பு என்று கிடைத்ததைப் போட்டு இடம் பிடிப்பார். பங்காருபேட்டை தாண்டினால் டிபன் திறக்கும். அப்புறம் எதிரெதிர் முழங்கால்களின் மேல் ஒரு பிளைவுட் பலகை விழும், சீட்டாட்டம் தொடங்கும்.

பலகைக்குச் சொந்தக்காரர் தனபால் அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர். பெங்களூருக்கு அந்தப் பக்கம், துமகூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். சீட்டில் கள்ளாட்டம் ஆடுவார். பிடித்தால் சிரிப்பார், அதனால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. எனக்குக் கணக்குப் போட அந்தப் பலகை வேண்டும். ஆடும் ரயிலில் மடியில் வைத்து எழுதினால் எக்ஸ் ஒய் மாதிரி இருக்கும், ஒய் எதைப் போலவும் இருக்காது.

"அண்ணா, பலகையில பாதி குடுங்க. படிக்கணும்."

"இன்னா படிப்பு இப்போ? ரிட்டயர் ஆவுற வயசுல."

"நா எங்க ரிட்டயர் ஆவுறேன், நீங்கதான் ஆவப்போறீங்க. குடுங்க."

"பாதி குடுத்தா ரம்மி எங்க ஆடறது? மாலூர் வரைக்கும் நீ எழுதிக்கோ. அப்பால நாங்க."

அப்படி ஒப்பந்தம் ஆனது. பக்கத்தில் உட்காரும் மேரி அக்கா, தையல் யூனிட்டில் சூப்பர்வைசர், என் மகளின் பி.யு.சி. கணிதப் புத்தகத்தைக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொள்வார். நான் வகைக்கெழு கற்றுக்கொண்டது கோரமண்டலுக்கும் டேக்கலுக்கும் நடுவில். தொகை நுண்கணிதத்தில் ஒரு கணக்கு கைக்கு வராமல் வம்பு செய்தபோது வைட்ஃபீல்டைத் தாண்டிப் போய்விட்டேன். கண்டோன்மென்ட்டில் இறங்கித் திரும்பி வந்து, அரை நாள் சம்பளம் போனது. கணக்கு வந்துவிட்டது. அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே வேலை செய்தேன் என்று மஞ்சுநாத் சார் பிறகு சொன்னார்.

கணிதத் தாளில் நல்ல மார்க். பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

4. 0.577

புள்ளியியல் வகுப்பு எடுத்தவர் நிவேதிதா மேடம். என்னைவிடப் பத்து வயது சின்னவர், அல்சூர்க்காரர், தமிழிலேயே கேள்வி கேட்பார். அவர் கொடுத்த புத்தகத்தை ஒருநாள் ரயிலில் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு அட்டவணை வந்தது. ஐந்து என்ற எண்ணுக்கு நேராக 0.577.

என் உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் கண்ட்ரோல் சார்ட்டின் அடியில் அச்சடித்திருக்கும் எண் அது. ஐந்து புஷ்களில் பெரியதற்கும் சின்னதற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, பல தடவை அப்படி எடுத்ததன் சராசரியை 0.577 ஆல் பெருக்கினால், நடுக்கோட்டிலிருந்து சிவப்புக் கோடு எவ்வளவு தள்ளி என்று வரும். பதினைந்து வருஷமாகப் பெருக்கினேன். அது எங்கிருந்து வந்தது என்று அந்தப் பக்கத்தில் படிப்படியாகப் போட்டிருந்தது. ஐந்து ஐந்தாக எடுத்தால் சராசரி எவ்வளவு ஆடலாம், எது தற்செயலான ஆட்டம், எது மிஷின் கெட்ட ஆட்டம், எல்லாம் இருந்தது.

"பாயிண்ட் ஐந்து ஏழு ஏழு!" என்று கத்திவிட்டேன்.

பலகை சரிந்து சீட்டுகள் கீழே விழுந்தன.

"இன்னா, லாட்டரியா?" என்றார் தனபால் அண்ணன்.

நான் அவருக்கு விளக்கினேன். மாலூரிலிருந்து வைட்ஃபீல்ட் நெருங்கும் வரை விளக்கினேன். முடித்ததும் அவர் கீழே விழுந்த சீட்டுகளை அடுக்கிக்கொண்டே, "ஒண்ணியும் புரியல. ஆனா நீ இப்புடி சந்தோசமா கீறத நா பாத்ததே இல்ல," என்றார். அவர் தோற்கவிருந்த ஆட்டம் கலைந்ததில் அவருக்கும் சந்தோஷம்தான்.

5. வாசலில் இருந்து வாசல் வரை

புள்ளியியலுக்குத் தேர்வோடு ஒரு ப்ராஜெக்டும் உண்டு. ப்ராஜெக்ட் பாஸாகாவிட்டால் தேர்வு மார்க் செல்லாது. சொந்தமாகத் தகவல் திரட்ட வேண்டும்.

எனக்குத் தகவலுக்கா பஞ்சம்? எங்கள் பெட்டியே இருந்தது. வீட்டு வாசலில் இருந்து வேலை வாசல் வரை ஒரு தங்கவயல்காரருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? பன்னிரண்டு பேர், ஒரு மாதம். வாட்ஸப்பில் ஒரு குரூப் தொடங்கினேன். வீட்டை விட்டு இறங்கும்போது "கிளம்பியாச்சு", கம்பெனியில் கார்டு பஞ்ச் செய்யும்போது "பஞ்ச்" என்று போட்டால் போதும். மெசேஜ் விழும் நேரமே என் ரீடிங். பன்னிரண்டு பெயரையும் எழுதித் திட்டத்தை மேடத்திடம் கொடுத்தேன். "நல்லா இருக்கே," என்றார்.

ஆச்சரியம், எல்லோரும் ஒழுங்காகப் போட்டார்கள். மேரி அக்கா "கிளம்பியாச்சு" என்பதோடு அன்று என்ன குழம்பு என்பதையும் சேர்த்துப் போடுவார். தனபால் அண்ணன் ஒருநாள் ரீசார்ஜ் தீர்ந்து நெட் இல்லை என்று, கம்பெனி வேன் டிரைவரின் போனை வாங்கி என்னைக் கூப்பிட்டு, "யசோ, பஞ்ச் அட்சிட்டேன், மணி குறிச்சிக்கோ," என்றார். நான் பெஞ்சில் இருந்தேன். குறித்துக்கொண்டேன்.

மாதம் முடிந்து எல்லா ரீடிங்கையும் ஒரே படமாகப் போட்டேன். அழகாக ஒரு குன்று எழும்பியது. நடுவில் உயரம், இரண்டு பக்கமும் சரிவு, புத்தகத்தில் இருப்பது போலவே. ஆனால் வலது கோடியில், குன்றிலிருந்து வெகுதூரம் தள்ளி, தனியாக ஒரு மேடு. எல்லாம் தனபால் அண்ணனின் ரீடிங். மற்றவர்களுக்கு இரண்டு மணி, இரண்டரை மணி நேரம். அவருக்கு நான்கைத் தாண்டியது. அவரைச் சேர்த்தால் சராசரி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது.

இங்கேதான் என் கை என்னைக் கேட்காமல் வேலை செய்தது. எங்கள் பெஞ்சில் ஒரு புஷ் அளவுக்கு வெளியே போனால் யோசிக்க மாட்டோம். சிவப்பு டேக் கட்டி, சிவப்புத் தொட்டியில் போட்டு, அடுத்ததை எடுப்போம். அதுதான் வேலை, அதற்குத்தான் சம்பளம். தனபால் அண்ணனின் வரிசையை அப்படியே தேர்ந்தெடுத்து டிலீட் அழுத்தினேன். குன்று ஜம்மென்று வந்தது. "பதினொரு பயணிகள்" என்று தலைப்பைத் திருத்திக் கொடுத்துவிட்டு, ப்ராஜெக்ட் முடிந்த சந்தோஷத்தில் அன்று அல்சூர் பஜாரில் பஜ்ஜி வாங்கிச் சாப்பிட்டேன்.

6. "ரயில்ல வர்றாரா, இல்லையா?"

அடுத்த சனிக்கிழமை மேடம் ப்ராஜெக்டை என் முன்னால் வைத்தார்.

"திட்டத்துல பன்னெண்டு பேர் இருந்தாங்க. இதுல பதினொண்ணு. ஒருத்தர் எங்க?"

"அவர் ரீடிங் ரொம்ப வெளிய போச்சு மேடம். ஸ்பெக் அவுட். ரிஜெக்ட் பண்ணிட்டேன்."

"தப்பா அளந்துட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"நேரத்த மாத்தி மாத்திப் போட்டாரா?"

"இல்ல. சரியாதான் போட்டார்."

"அவர் ரயில்ல வர்றாரா, இல்லையா?"

"வர்றார் மேடம்."

"அப்புறம்?"

மேடம் குரலை உயர்த்தவில்லை. "புஷ்ஷுக்கு டிராயிங் இருக்கு. இப்படித்தான் இருக்கணும்னு ஒருத்தர் போட்டுக் குடுத்திருக்காங்க. அதனால வெளிய போனத நீங்க தூக்கிப் போடலாம். மனுஷங்க பயணத்துக்கு டிராயிங் யார் போட்டாங்க? நீங்க கேட்ட கேள்வி 'எவ்வளவு நேரம் ஆகுது'. அவர் பதில் சொல்லியிருக்கார். உங்களுக்குப் படம் அழகா வரணும்னு அந்தப் பதில அழிச்சிருக்கீங்க. இத நான் பாஸ் போட முடியாது."

தேர்வை எழுதி முடித்திருந்தேன், ஆனால் மார்க் அனுப்பக் கடைசி நாள் அடுத்த சனிக்கிழமை. ஒரு வாரம் இருந்தது. அதற்குள் முழுதும் மறுபடி செய்து, வைவாவில் நின்று பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் சீட் போனது போனதுதான். திரும்பும் ரயிலில் எனக்கு அழுகை வந்தது. பயத்தில் பாதி, அவமானத்தில் பாதி.

7. பெட்டியில் சொன்னது

தனபால் அண்ணனிடம் சொல்லாமலே அவர் ரீடிங்கைத் திரும்பச் சேர்த்திருக்கலாம். எல்லாம் போனில் இருந்தது. ஆனால் வைவாவில் "ஏன் இவருக்கு மட்டும் இவ்வளவு நேரம்" என்று கேட்டால்? எனக்குத் தெரியாது. பல வருஷமாக எதிர் சீட்டில் உட்கார்ந்து வருபவர், நான் இறங்கிய பிறகு எப்படிப் போகிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. திங்கட்கிழமை பெட்டியில் சொல்லிவிட்டேன்.

முதலில் மேரி அக்காதான் சிரித்தார். "ஆளையே ரிஜெக்ட் பண்ணிட்டியாடி?"

தனபால் அண்ணன் சிரிக்கவில்லை. சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "டெய்லி போட்டனேமா. ஒரு நாளு கூட உடலியே. நெட்டு இல்லாத அன்னிக்குக் கூட போன் பண்ணி சொன்னனே."

"தப்புதான் அண்ணா. உங்க டைம் ரொம்ப அதிகமா இருந்துச்சு, படம் சரியா வரல."

"அதிகமா கீதுன்னா நா இன்னா பண்ணட்டும்? நா கேட்டா கம்பெனிய அங்க வெச்சாங்க?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கவிழ்த்து வைத்த சீட்டை எடுத்துக்கொண்டே அவரே, "சரி உடு. இப்போ இன்னா ஆவணும்?" என்றார்.

"நாளைக்கு உங்ககூட உங்க கம்பெனி வரைக்கும் வரேன்."

"எதுக்கு? வேவு பாக்கவா?"

"திரும்ப அளக்க."

"வா. ஆனா டீ காசு உன்னுது."

மஞ்சுநாத் சாரிடம் ஒரு நாள் லீவு கேட்டேன். எதற்கு என்றார். ரிஜெக்ட் ஆன பீஸை ரீ-இன்ஸ்பெக்‌ஷன் செய்ய என்றேன். புரியாமலே கொடுத்துவிட்டார்.

8. தனபால் அண்ணனோடு ஒரு நாள்

வைட்ஃபீல்டில் எல்லோரும் இறங்க, நான் மட்டும் இறங்காமல் உட்கார்ந்திருந்தது புதுசாக இருந்தது. பாதிப் பெட்டி காலி. அண்ணன் காலை நீட்டிக்கொண்டு, நான் இருக்கிறேன் என்றுகூடப் பார்க்காமல் தூங்கிப்போனார். கண்டோன்மென்ட் தாண்டியதும் யாரும் எழுப்பாமல் எழுந்தார்.

சிட்டி ஸ்டேஷனில் இறங்கி ஒரு பஸ். இறங்கிக் கொஞ்சம் நடை. மேம்பாலத்தின் அடியில் ஒரு டீக்கடை. அங்கே நின்றோம். நின்றோம். நின்றுகொண்டே இருந்தோம்.

"எதுக்கு அண்ணா நிக்கறோம்?"

"கம்பெனி வேன் இங்கதான் வரும். அவன் டைமுக்குத்தான் வருவான். ரயிலு லேட்டானா இங்க கம்மியா நிப்பேன், சீக்கிரம் வந்தா ஜாஸ்தி நிப்பேன். வேன உட்டா அன்னிக்கு லீவுதான். அதுக்குதான் இந்த காலை வண்டிய நா உடறதே இல்ல. அடுத்த வண்டில வந்தாலும் சில நாளு வேன் கெடைக்கும். சில நாளுங்கறது நமக்கு ஆவாது."

வேன் வந்தது. ஊருக்கு வெளியே போகிற வழி என்பதால் எதிரே நெரிசல், எங்கள் பக்கம் காலி. கேட்டில் அவர் பஞ்ச் அடித்தார். போனை எடுத்து, பக்கத்தில் நிற்கும் என்னைப் பார்த்துக்கொண்டே, முடிந்துபோன ப்ராஜெக்ட் குரூப்பில் "பஞ்ச்" என்று போட்டார். என்னை வம்புக்கு இழுக்கத்தான்.

திரும்பும் பஸ்ஸில் அவருடைய ஒரு மாத ரீடிங்கை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். கண்ணை நம்ப முடியவில்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, உண்மை. ஆனால் ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் வித்தியாசம் சில நிமிஷம்தான். பஸ்ஸிலேயே பன்னிரண்டு பேருக்கும் ஸ்டாண்டர்ட் டீவியேஷன், அதாவது ஆட்டத்தின் அளவு, போட்டேன். மேரி அக்கா ஆடுகிறார். நான், பக்கத்திலேயே வேலை பார்க்கிறவள், எல்லோரையும்விட அதிகமாக ஆடுகிறேன். ஷேர் ஆட்டோ கிடைத்த நாள் ஒரு நேரம், கிடைக்காத நாள் ஒரு நேரம். பன்னிரண்டு பேரில் துளியும் ஆடாத ஆள், நான் தூக்கி எறிந்த ஆள்.

எனக்கு அங்கேயே கைதட்ட வேண்டும் போல இருந்தது. எங்கள் தொழிலில் இதற்கு அர்த்தம் உண்டு. அளவு தாறுமாறாக ஆடும் மிஷினை வைத்துக்கொண்டு மாரடிக்க வேண்டும். ஆனால் ஒரு மிஷின் ஒரே சீராக ஓடி, அளவு மட்டும் ஒரு பக்கமாகத் தள்ளி வந்தால், மிஷினில் கோளாறே இல்லை. செட்டிங்கை ஒரு தடவை மாற்றினால் போதும். எல்லோரையும் கலந்து ஒரே குன்றாகப் பார்த்ததில், இந்த ஒரு செய்தி எனக்குத் தெரியாமலே போயிருந்தது.

மறுநாள் பெட்டியில் பலகையை வாங்கி, பன்னிரண்டு பேரின் படத்தையும் தனித்தனியாக வரைந்து காட்டினேன்.

"அப்ப நா நல்ல மிஷினா?" என்றார் தனபால் அண்ணன்.

"எங்க எல்லாரையும் விட நல்ல மிஷின். செட்டிங் மட்டும் தள்ளிக் கீது."

"செட்டிங் மாத்தணும்னா வேலைய இல்ல நம்ம ஊருக்குத் தூக்கிகினு வரணும்," என்றார் அவர். சுரங்கம் மூடியதிலிருந்து ஊரில் வேலை இல்லாமல்தான் பன்னிரண்டு பேரும் அந்த ரயிலில் இருக்கிறோம்.

9. வைவா

சனிக்கிழமை. பன்னிரண்டு பெயரோடு புது ப்ராஜெக்ட். நிவேதிதா மேடத்தோடு வெளியிலிருந்து இன்னொரு பேராசிரியரும் உட்கார்ந்திருந்தார். முதல் கேள்வியிலேயே அவர் தனபால் அண்ணனின் வரிசையில் விரல் வைத்தார்.

"இது தனியாக விலகி நிற்கும் அவுட்லையர் இல்லையா? ஏன் நீக்கவில்லை?"

"நீக்கினேன் சார். அப்புறம் அவர்கூடப் போய்ப் பார்த்துட்டுத் திரும்ப வெச்சேன்."

அவர் நிமிர்ந்தார். நான் சொல்லத் தொடங்கினேன். மேம்பாலம், டீக்கடை, வேன், சீராக ஓடும் மிஷின், காத்திருக்கும் நேரம் எப்படி ரயிலின் ஆட்டத்தை விழுங்குகிறது, தூரம் வேறு ஆட்டம் வேறு, ஒன்றைச் சராசரி சொல்லும், இன்னொன்றை அது மறைக்கும். எவ்வளவு நேரம் பேசினேனோ தெரியாது. என் பயம் எந்த இடத்தில் போனது என்றும் தெரியாது.

"நீங்கள் குவாலிட்டியில் இருப்பவர். இந்த மிஷினில் எதை அட்ஜஸ்ட் செய்வீர்கள்?" என்று கேட்டார்.

"ஆள்கிட்ட அட்ஜஸ்ட் பண்ண ஒண்ணும் இல்ல சார். அவர் பண்ண வேண்டிய அட்ஜஸ்ட் எல்லாம் ஏற்கெனவே பண்ணிட்டார்."

அவர் ப்ராஜெக்டை மேடம் பக்கம் நகர்த்தினார். மேடம் அங்கேயே மார்க்கைப் பதிந்து, என் கண் முன்னால் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் பட்டனை அழுத்தினார். நான் அல்சூரிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் மெயில் வந்தது. சீட் உறுதி. நடுரோட்டில் நின்று, முன்பின் தெரியாத ஒரு பூக்காரம்மாவிடம், "எம்.எஸ்சி. கெடச்சிருச்சும்மா," என்றேன். அவர் ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

மாலை வண்டியில் ஒரே கூச்சல். தனபால் அண்ணன் மட்டும் இல்லை. அவர் வருவது அதற்கும் பின்னால் வரும் வண்டியில். அதுவும் எனக்கு அந்த வாரம்தான் உறைத்தது. கூப்பிட்டேன்.

"இன்னா யசோ, பாஸா?"

"பாஸ் அண்ணா. சீட்டு கன்ஃபர்ம்."

"நா?"

"ஆடாம வர்றதுல நீங்கதான் ஃபர்ஸ்ட்."

போனை மூடாமலே அவர் வேனுக்குள் திரும்பி யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்டது. "எம்.எஸ்சி. பரீட்சையில நா ஃபர்ஸ்ட்டாம்பா. தங்கவயல்ல."

இப்போது இரண்டாம் செமஸ்டர். பெஞ்சில் ஒரு புஷ் அளவுக்கு வெளியே போனால் இன்றும் சிவப்பு டேக்தான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் மனிதர்கள் அனுப்பும் தகவலில் ஒருவர் மட்டும் தனியாக, தூரமாக நின்றால், என் விரல் டிலீட் பக்கம் போவதில்லை. தம்பி தங்கைகளே, நீங்களும் வேலை பார்த்துக்கொண்டு படிக்கத்தான் போகிறீர்கள், பாடம் எல்லாம் எப்படியாவது வந்துவிடும். ஒரு ஆள் உங்கள் கணக்கில் பொருந்தாவிட்டால் மட்டும், ஒருநாள் லீவு போட்டு அவர் இறங்கும் இடம் வரை கூடப் போய்விட்டு வாருங்கள்.